மேல்மலைக் காட்டுத்தீயும் எங்கள் ஊர் மேஸ்திரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்துவிட்டால் கொடைக்கானல் மலையில் காட்டுத்தீ பற்றிய செய்தி தங்கள் நாளிதழில் வராத வாரம் அரிது. எந்தச் செய்தியானாலும் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றுதான்: வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் கிராம மக்கள் உதவியுடன் பல மணி நேரம் போராடித் தீயைக் கட்டுப்படுத்தினர். அந்தக் கிராம மக்களில் ஒருவர், சென்ற மாசி மாதம், எங்கள் மேல்மலைக் கிராமத்தில், தம் வீட்டில், மனைவியும் மகள்களும் அருகிலிருக்கக் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல், கூலி என்று ஒரு பைசா வாங்காமல், காட்டுத்தீ அணைக்கப் போனவர் அவர். அரசு ஆவணம் எதிலும் அந்தப் பணிக்காக அவர் பெயர் ஏறவில்லை. அச்சில் சில வரிகளாவது இருக்கட்டும் என்றும், அவரைப் போல் இன்னும் போய்க்கொண்டிருப்பவர்களுக்காக ஒரு கோரிக்கை வைக்கலாம் என்றும் இதை எழுதுகிறேன்.

பெயரைப் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். “அவுக பேருக்காகவா போனாக?” என்றார். ஆகவே ஊர் அழைத்தபடி மேஸ்திரி என்றே குறிப்பிடுகிறேன். கட்டட மேஸ்திரி அல்லர். உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட் தோட்டங்களுக்கு வேலையாட்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவர். சொந்தமாக அரை ஏக்கர் பூண்டுக்காடு வைத்திருந்தார். நான் இதே ஊரின் கிளை அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். கைப்பேசி வராத காலத்தில் ஊரில் தொலைபேசி இருந்தது அஞ்சலகத்தில் மட்டுமே என்பதால், தீ என்றால் கொடைக்கானலுக்குச் சொல்ல அவர் முதலில் வந்து தட்டியது என் வீட்டுக் கதவைத்தான். அவருடைய வீட்டையும் காட்டு வேலையையும் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு அப்படி அமைந்தது.

மலைக்குக் கோடையில் மட்டும் வந்து போகிறவர்களுக்குச் சிலவற்றை விளக்க வேண்டும். மேல்மலையில் மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் உறைபனி விழும். அதில் கருகிய புல், மாசி வெயிலில் காய்ந்து, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். முன்பு புல்வெளியாக இருந்த சரிவுகளில் கடந்த நூற்றாண்டில் நடப்பட்ட வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள் இன்று காடாக நிற்கின்றன. பைன் மரத்தடியில் ஊசிச் சருகு கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கிறது. யூகலிப்டஸின் உரிந்து தொங்கும் பட்டை எரிந்தபடியே காற்றில் பறந்து, தொலைவில் விழுந்த இடத்தில் புதிய தீயைத் தொடங்கிவைக்கிறது. எரியும் பைன் காய்கள் சரிவில் உருண்டு, அணைத்து முடித்துவிட்டோம் என்று நினைத்த கோட்டைத் தாண்டிக் கீழே போய்ப் பற்றவைக்கின்றன. இவற்றோடு ஒப்பிட்டால், மலை மடிப்புகளில் இயற்கையாக அடர்ந்து வளர்ந்த சோலைக்காட்டின் உள்ளே எப்போதும் ஈரம் இருக்கும். புல்லில் ஓடிவரும் தீ பெரும்பாலும் சோலை விளிம்பில் வந்து தணிந்துவிடும். ஆனால் ஆண்டுதோறும் விளிம்பு கருகினால் சோலையும் சிறிது சிறிதாக உள்ளே சுருங்கும். எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் வரும் ஓடை அப்படிப்பட்ட ஒரு சோலையிலிருந்துதான் இறங்குகிறது. 2013ஆம் ஆண்டு இந்தக் காடுகள் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது, இனி எல்லாம் துறையின் பொறுப்பு, நாம் ஏன் போக வேண்டும் என்று ஊரில் சிலர் பேசினார்கள். “காட்டுக்குப் பேருதான மாறியிருக்கு, தண்ணி அங்கயிருந்துதான வருது?” என்று கேட்டதற்கு மேல் மேஸ்திரி வாதம் செய்யவில்லை. அந்த ஆண்டும் போனார்.

தீயணைப்பு வண்டி எங்கள் பக்கத்துக்குக் கொடைக்கானலிலிருந்து வர வேண்டும். மன்னவனூரை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வளைவும் ஏற்றமுமான சாலையில் கனமான வண்டி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வந்தாலும் சாலையோரத்தில்தான் நிற்க முடியும். குழாய் எட்டாத சரிவில் எரியும் தீக்கு அந்த வண்டியால் என்ன செய்ய இயலும்? வீரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் வண்டியை விட்டு இறங்கி எங்களோடு நடந்து ஏறியவர்கள்தாம். மலைக்காட்டில் தீயை அணைக்கப் பெரும்பாலும் தண்ணீர் உதவுவதில்லை. பச்சைக் குழையை ஒடித்து அடிக்க வேண்டும். மண்வெட்டியால் சருகை வழித்து வெறுந்தரை தெரியும்படி கோடு எடுக்க வேண்டும். வேறு வழியே இல்லாதபோது, விவரம் தெரிந்தவர் மட்டும் எதிர்த்தீ, அதாவது வரும் தீக்கு முன்னால் உள்ள புல்லையும் சருகையும் நாமே எரித்துவிடும் தீ, வைக்க வேண்டும்.

இதில் மேஸ்திரியின் முறை நிதானமானது. பகலில் வெயிலேறினால் சரிவில் காற்று மேல்நோக்கி வீசும். தீயும் மேல்நோக்கியே ஓடும். சுடர் தன் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துவிடுவதால், சரிவு செங்குத்தாக ஆக அதன் வேகமும் கூடும். இரவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும், புல்லில் ஈரம் ஏறும், தீ தளரும். ஆகவே பகலில் ஆட்களைத் தீக்கு மேலே நிற்க விடவே மாட்டார். மலை முகட்டுக்கு மறுபுறம் சற்றுத் தள்ளிக் கோடு எடுக்கச் சொல்வார். தீ முகட்டுக்கு வந்து தயங்கும் இடத்தில் அதைப் பிடிப்பது அவர் கணக்கு. குழையால் அடிக்கும் வேலை நள்ளிரவுக்கு மேல்தான். ஒருவரை டார்ச் விளக்கோடும் விசிலோடும் எதிர்ச்சரிவில் நிறுத்திவிடுவார். காற்று திரும்பினால் விசில் அடிப்பது ஒன்றே அவர் வேலை. இளவட்டங்களுக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றும் என்பதால், பல இரவுகளில் அந்த இடத்தில் நின்றது ஊரின் மிக அனுபவசாலியான ஆட்களில் ஒருவராகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

அணைத்த மறுநாள் காலையில் அவர் திரும்பப் போவதைப் பலரும் அறிய மாட்டார்கள். ஒருமுறை நானும் உடன் போனேன். கரிந்த சரிவில் ஒவ்வொரு அடிக்கட்டையின் அருகிலும் குத்துக்காலிட்டு அமர்ந்து, உள்ளங்கையால் தொடாமல், கையின் புறப்பக்கத்தைக் கட்டைக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். புறங்கைத் தோலுக்குச் சூடு சீக்கிரம் தெரியும், ஒருவேளை சுட்டாலும் மறுநாள் மண்வெட்டி பிடிக்க உள்ளங்கை மிஞ்சும் என்றார். சூடு தெரிந்த கட்டையைச் சுற்றி மண்ணைக் கிளறி, வேருக்குள் ஓடியிருக்கும் தணலை வெளியே இழுத்து, ஈர மண்ணைப் போட்டு மிதித்தார். இரண்டாம் நாள் மூன்றாம் நாள் என்று மறுபடி கிளம்பும் தீ பெரும்பாலும் இப்படி விடுபட்ட கட்டைகளிலிருந்துதான் வருகிறது. செய்திகளில் மீண்டும் தீ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புறங்கை நினைவுக்கு வரும்.

அவரோடு போக விரும்புகிறவர்களிடம் இரண்டு சோதனைகள் வைப்பார். முதலாவது உடை. பருத்தியும் கம்பளியும் தவிர வேறு எதுவும் கூடாது. பாலியஸ்டர் பனியனும் டிராக் பேன்டும் போட்டு வந்த பையன்களைத் தயவு தாட்சண்யமின்றித் திருப்பி அனுப்பினார். அந்தத் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு மருத்துவர் துணியை உரித்தால் தோலும் சேர்ந்து வரும் என்று வெளிப்படையாகவே சொல்வார். இரண்டாவது ஒரு கேள்வி: “வீட்ல சொல்லிட்டு வந்தியாப்பா?” சொல்லவில்லை என்றால் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி அனுப்புவார். போனவர்களில் சிலர் திரும்பி வர மாட்டார்கள். மனைவியோ தாயோ விட்டிருக்க மாட்டார். அதற்காக யாரையும் அவர் கேலி செய்ததில்லை, பிறரைச் செய்ய விட்டதும் இல்லை.

கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. எந்தச் சரிவுக்குப் போகிறோம், கூட யார் யார், எப்போது திரும்புவோம் என்று மனைவியிடம் சொல்லாமல் அவர் வாசற்படி இறங்கியதில்லை. அவருடைய தாயார் கடைசி ஆண்டுகளில் படுத்த படுக்கையாக இருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்க இரவில் இரண்டு மூன்று முறை புரட்டிப் படுக்கவைப்பது மகனின் வேலை; தீக்குக் கிளம்பும் அவசரத்திலும் தாயைப் புரட்டி, முதுகைத் துடைத்துவிட்டு, அடுத்த முறை யார் புரட்டுவது என்று வீட்டில் பேசி முடித்த பிறகே மண்வெட்டியை எடுப்பார். மனைவி பனி விலகுமுன் களையெடுக்கப் போய்விடுவார் என்பதால் இரண்டு மகள்களுக்கும் தலைவாரிப் பின்னிவிட்டது அவர்தான். காய்ப்பேறிய அந்தக் கைகள் பின்னிய சடை பள்ளிக்கூடம் முடியும் வரை கலையாது என்று மூத்த மகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இளைய மகளுக்குச் சிறு வயதில் இளைப்பு இருந்தது. புகை வாடை பட்டாலே மூச்சு இரையும். எனவே மேஸ்திரி தீயிலிருந்து திரும்பினால் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வர மாட்டார். கொல்லைப்புறம் போய்ச் சட்டை வேட்டியைக் கழற்றி, ஊறவைக்கும் தொட்டியில் போட்டு, மனைவி கொதிக்க வைத்திருக்கும் வெந்நீரில் தலையோடு குளித்து, தலையில் புகை வாடை போய்விட்டதா என்று மனைவியை முகர்ந்து பார்க்கச் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் பிள்ளை படுத்திருக்கும் அறைக்குள் போவார். விடியற்காலை மூன்று மணி, எலும்பு வரை இறங்கும் குளிர், இரவு முழுக்கப் பட்டினி. இவற்றில் எதுவும் அந்த வரிசையை மாற்றியதில்லை. அந்த வெந்நீருக்காக அந்த அம்மாள் எத்தனை இரவுகள் அடுப்பருகே விழித்திருந்திருப்பார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தீக்குப் போன நாள்களில் மேஸ்திரிக்குத் தோட்டக் கூலி கிடையாது. அந்தக் குறையை மனைவி கூடுதல் வேலைக்குப் போய் ஈடுகட்டினார். எங்கள் ஊர்க் காட்டைக் காத்ததற்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று கேட்டால், அந்த அம்மாள்தான் என்பேன்.

அவர் எல்லோருக்கும் நல்லவராக இருந்தார் என்று எழுதினால் பொய்யாகும். பட்டா நிலத்தைச் சுத்தம் செய்யவோ, மாட்டுக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்றோ வைக்கும் தீதான் எங்கள் பக்கத்தில் பல முறை காட்டுக்குள் ஏறியிருக்கிறது. இதற்காகச் சொந்த மைத்துனரோடு அவர் ஆண்டுக்கணக்கில் பேசாமலிருந்தார். தை மாதத்தில் வீடு வீடாகப் போய், வேலியோரம் ஆறடி அகலத்துக்காவது சருகை வழித்துவிடுங்கள், எரித்தே ஆக வேண்டுமென்றால் பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில், எனக்குச் சொல்லிவிட்டு எரியுங்கள், நானே வந்து நிற்கிறேன் என்பார். இவர் யார் கேட்பதற்கு என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அடுத்த வாரம் அதே வீட்டாரின் தோட்டத்தைத் தீ நெருங்கியபோது முதல் ஆளாக நின்றார். அதை நான் பெருந்தன்மை என்று நினைத்தேன். அவரோ, அங்கே கோடு எடுக்காவிட்டால் ஓடைக்கு மேல் ஏறிவிடும் என்று மட்டும் சொன்னார்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த செய்தி, எங்கள் ஊர் இளைஞர்களை மிகவும் அச்சுறுத்தியது. அந்த வாரம் அவர்களைப் பள்ளி மைதானத்தில் கூட்டி, தரையில் குச்சியால் சரிவு வரைந்து, அவர் விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீயைக் கண்டு மேட்டை நோக்கி ஓடாதே. உயரமான புல்லுக்குள் ஒளியாதே. ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம் பக்கத்தில் இருந்தால் அதற்குள் போய் நில், அங்கே எரிய மீதி எதுவும் இல்லை. பாடம் அவ்வளவுதான். இந்தப் பாடத்தை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் நடத்த எவ்வளவு செலவாகும்?

அவர் புதியதை வெறுத்தவரும் அல்லர். இந்திய வன நில அளவை நிறுவனம், செயற்கைக்கோள் காணும் தீப்புள்ளிகளைப் பதிவு செய்துகொண்டவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. இளைய மகள் தந்தையின் எண்ணை அதில் பதிந்துகொடுத்தார். செய்தி வந்ததும் மகள் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துச் சொல்ல, தந்தை அது எந்தச் சரிவு என்று பெயர் சொல்வார். அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை நாளுக்குச் சில முறைதான் கடக்கின்றன. அவை காட்டும் தீப்புள்ளி ஒன்றின் அகலமே 375 மீட்டர். இடைப்பட்ட நேரத்தில் கிளம்பும் சிறு தீயை முதலில் அறிவது இன்னமும் ஊரில் யாராவது ஒருவருடைய மூக்குதான். அதேபோல, 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் ஏறத்தாழ 16,000 லிட்டர் தண்ணீரை மேலிருந்து கொட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்து வியந்தார். வியந்த கையோடு, நாளைக்குக் கட்டைகளைத் தொட்டுப் பார்க்க யார் போவார்கள் என்றும் கேட்டார். அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் எங்கள் மேல்மலைக் காடுகள் எரிந்து, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் சுற்றுலா வண்டிகளை நிறுத்த வேண்டி வந்தபோது, மூட்டு வலியால் அவரால் ஏற முடியவில்லை. சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, மேலே போகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, இறங்கி வரும்போது ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெயருக்கு டிக் விழும் வரை வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தொடவில்லை.

அந்த நோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் உருண்டு வந்த எரிகட்டை ஒன்று அவர் வலது பாதத்தில் விழுந்து, வெகுநாள் மருத்துவமனையில் கிடந்தார். செலவுக்குப் பூண்டை விளைச்சலுக்கு முன்பே விற்க நேர்ந்தது. உதவி கேட்டு எழுதிய மனு, இவர் பணிக்கு அழைக்கப்பட்டதற்கான ஆவணம் எதுவும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. குறிப்பு எழுதியவர்மீது அவருக்குக் கோபம் இல்லை. இனிமேல் ஆவணம் இருக்கட்டும் என்று மட்டும் முடிவு செய்தார். அன்றுமுதல் ஒவ்வொரு தீக்கும் தேதி, சரிவின் பெயர், வந்தவர்கள் பெயர், யாருக்கு என்ன காயம் என்று மூத்த மகள் எழுதிவந்தார். இன்று அது நான்கு நோட்டுகளாக இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, எங்கள் கோரிக்கை இதையொட்டித்தான் எழுகிறது. பேரிடர்த் தொண்டர்களுக்குப் பயிற்சியும் காப்பீடும் உபகரணப் பையும் தரும் ஆப்த மித்ரா திட்டத்தை ஒன்றிய அரசு 350 மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தியது. நல்ல திட்டம். ஆனால் அது வெள்ளம், நிலச்சரிவு, புயல், நிலநடுக்கம் ஆகியவற்றை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. வயது வரம்பும் 18 முதல் 40 வரை. காட்டுத்தீக்குப் போகிற, நாற்பதைக் கடந்த, காற்றின் போக்கு தெரிந்த ஆட்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து, மேல்மலை, கீழ்மலைக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் காட்டுத்தீத் தொண்டர் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும். பதிவு செய்தவர்களுக்கு விபத்துக் காப்பீடு, கனமான தோல் காலணி, தலைக்கவசம், பருத்திச் சீருடை வேண்டும். தீக்குப் போகும் நாளுக்கு, வேட்டைத் தடுப்புக் காவலருக்குக் கொடுக்கும் அளவாவது படி கொடுக்கலாம். கொடுக்க இயலாவிட்டாலும் காப்பீட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. மற்றவை தாமதமானால் பொறுத்துக்கொள்வோம்.

1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் கப்பல் வெடித்து எரிந்தபோது உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக, அந்த நாளில் தொடங்கும் வாரம் நாடெங்கும் தீத்தொண்டு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பதிவேட்டை அறிவிக்க இந்த வாரம் பொருத்தமானது. இப்போது அறிவித்தால் ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, வரும் மார்கழியில் உறைபனி இறங்குமுன் பணியை முடித்துவிடலாம்.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஆள் தேட வேண்டிய வேலை இல்லை. நான்கு நோட்டுகளும் மேஸ்திரியின் மூத்த மகளிடம் பத்திரமாக இருக்கின்றன. அதிகாரிகள் கேட்டால் நகல் தர ஆயத்தமாக இருக்கிறார். கடந்த இரண்டு கோடைகளின் பக்கங்களில் இளைய மகளின் பெயரும் இருக்கிறது. இளைப்பு பள்ளிப் பருவத்திலேயே நீங்கிவிட்டது. விசில் பிடித்து எதிர்ச்சரிவில் நிற்கும் பொறுப்பு இப்போது அவருடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சலக அலுவலர்,
கொடைக்கானல் மேல்மலை,
திண்டுக்கல் மாவட்டம்.